காலி வண்டியின் உயரம்

சுரண்டையில் வாங்கிய நாளிலிருந்தே
என் வண்டிக்கு மூக்கு மேலே.
'முன்னாடி தூக்கி வச்சிருக்கேன்,
பாக்க எடுப்பா இருக்கும்' என்றான் விற்றவன்.
எடுப்பாகத்தான் இருந்தது.
புளியரை வளைவில் எதிரே வந்தவர்கள் எல்லாம்
விளக்கைச் சிமிட்டித் திட்டினார்கள்.
நான் டிம்மில்தான் வந்தேன்.
என் டிம் அவர்கள் கண்ணில் விழுந்தது.

ஏற்றுவது முட்டை. புனலூருக்கு வாரம் நாலு நடை.
பள்ளம் வந்தால் முன்பக்கம் குனியாது,
பலகையால் அறைந்த மாதிரி ஒரு சத்தம்.
தட்டுக்கு மூன்று போகும், மழை நாளில் ஐந்து.
ஆரியங்காவு தாண்டும்போதே வாடை வந்துவிடும்.
கடைக்காரர் தாமஸ்குட்டி உடைந்ததை ஓரமாய் அடுக்கி
ஒரு சொல் இல்லாமல் பில்லில் கழிப்பார்.
திட்டினாலாவது தேவலை.

மகாளி அடியில் படுத்துப் பார்த்தான்.
அவன் கால்கள் மட்டும் என்னோடு பேசின.
'டார்ஷன் பாரைப் போட்டு முறுக்கியிருக்கான் வே.
போல்ட்ல மிச்ச மரையே இல்ல.
முறுக்கிக்கிட்டு நிக்கிறவன் எப்படிக் குனிவான்?'
எவ்வளவு இறக்கணும்?
'கம்பெனிலேருந்து வந்த அளவுக்கு.'
அது எவ்வளவு?
வெளியே வந்து துணியில் கை துடைத்தான்.
ரொம்ப நேரம் துடைத்தான்.

அதனால்தான் சோதனைச்சாவடி ஓரம்
டேப்போடு நின்றோம்.
இதே மாடல் வேண்டும், யாரும் கைவைக்காதது,
அதுவும் காலியாய்.
கிழக்கேயிருந்து போவதெல்லாம் நிறைந்து போகிறது:
வைக்கோல், கறிக்கோழி, எம்சாண்ட்,
ஒன்றில் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலி.
மேற்கேயிருந்து வருவதுதான் வெறுமனே வரும்.
உள்ளே தூங்கும் கிளீனரைப் பார்த்து
மகாளி ஒன்றை விட்டுவிட்டான்.
'அவனையும் சேத்துல்ல அளக்கணும்?'

பதினோரு மணிக்கு ஓமனக்குட்டன் வந்தார்,
தென்காசியில் காய்கறி ஏற்றப் போகிற காலி வண்டி.
காகிதம் காட்ட அவர் இறங்கிய நேரத்தில்
சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை
இழுத்துப் பிடித்தோம்.
'எந்தா சேட்டா, வண்டிக்கு உடுப்பு தைக்கானோ?'
'ஆமா, கல்யாணம் வருது' என்றான் மகாளி.
நாற்பத்தாறரை. அந்தப் பக்கமும் நாற்பத்தாறரை.
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
என் வண்டி ஐம்பத்தொன்று.

ஜாக்கி ஏறியது. மகாளி அரைச் சுற்று விடுவான்,
நான் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன்.
பிறகு இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி,
பம்பரில் ஏறி நின்று குதித்து,
மறுபடியும் டேப்.
நாலு தடவை. கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
எனக்கே கணக்கு விட்டுப்போனது.
இடது பக்கம் சரியாய் நின்றது.
வலது பக்கம் அரை சென்டி கூடுதல்.

'இன்னும் கொஞ்சம் விடுவே.'
'விடமாட்டேன். நீ ஏறி உக்காரு.'
ஏறி ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்தேன்.
கீழே டேப் சுருண்டு ஓடும் சத்தம் கேட்டது.
அளவு என்னவென்று அவன் சொல்லவில்லை.
'நாளைக்கே தென்காசில அலைன்மெண்ட் பாத்துரு,
டயர் தின்னுரும்' என்று மட்டும் சொன்னான்.

இரவு நடை.
விளக்கு கிளைகளை விட்டு இறங்கித் தாரில் கிடந்தது.
இந்தச் சாலையில் இவ்வளவு ஒட்டு இருக்கிறதா?
வெள்ளைக் கோடு பாதி வளைவில் நின்றுபோவதை
மூன்று வருஷத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.
பத்து வண்டி எதிரே போனது,
யாரும் சிமிட்டவில்லை.
பதினோராவது லாரி சிமிட்டியது, இரண்டு முறை.
பழக்கத்தில் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லிவிட்டேன்.
அடுத்த திருப்பத்தில்
பாதிச் சாலையை அடைத்து ஒரு டேங்கர்
அச்சு முறிந்து நின்றது.

பிரேக் மிதித்தேன்.
முன்பக்கம் குனிந்து, நிமிர்ந்தது.
பின்னால் தட்டுகள் என்ன ஆயினவோ,
புனலூரில் எண்ணினால்தான் தெரியும்.
நானும் இரண்டு முறை சிமிட்டினேன்,
எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு அல்ல,
போய்விட்ட அந்த லாரிக்கு.